சர்வீஸ் முடிந்ததும் அடித்த மல்லிகை ஸ்பிரே

1. முதல் நாள் பாடம்

திண்டுக்கல்லில் ஏசி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என் கையில் இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று ஸ்குரூடிரைவர். இன்னொன்று மல்லிகை வாசனை ஸ்பிரே டப்பா. ஸ்குரூடிரைவரை எப்படிப் பிடிப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. டப்பாவை எப்படி அடிப்பது என்று மட்டும் கால் மணி நேரம் பாடம் நடத்தினார்.

"ஏலே சேகரு, நீ உள்ள என்னத்தக் கழட்டுன, என்னத்தக் கழுவுனன்னு வீட்டுக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் மூக்குதான். வேலை முடிஞ்சதும் மெசினப் போட்டுவிட்டு, காத்து உள்ள போற இடத்துல நாலு தடவ அடி. ரூம் பூராம் கமகமன்னு வரும். நல்லா வேலை பாத்திருக்கான்னு அவனே சொல்லுவான்."

"சுத்தமா வேலை பாத்தாலும் அடிக்கணுமாண்ணே?"

"சுத்தமா பாத்தாலும் அடி, பாக்காட்டியும் அடி. வாசம் வந்தாத்தாண்டா சர்வீஸு."

அன்றைக்கு அவர் எனக்குப் பெரிய மேதாவியாகத் தெரிந்தார். அடுத்த முப்பது வருடமும் நான் அந்த மேதாவி சொன்னபடியே அடித்தேன். முதலாளி போய்ச் சேர்ந்தார். கடை அவர் மகன் கைக்கு வந்தது. விண்டோ ஏசி போய் ஸ்பிளிட் ஏசி வந்தது. டப்பாவின் கம்பெனிகூட நாலைந்து முறை மாறியது. வாசனை மட்டும் அதே மல்லிகைதான். ஊரைச் சுற்றி நிஜ மல்லிகை விளைகிற சீமையில் டப்பா மல்லிகை அடித்துப் பிழைத்தவன் நான். இதைப் படிக்கிற இளம் மெக்கானிக்குகள் சிரிப்பதற்கு முன்னால் தங்கள் பையையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

2. "டாக்டர் ஏசி போடச் சொன்னாரு"

நான் வேலைக்கு வந்த காலத்தில் வெயிலுக்காக ஏசி வாங்கினார்கள். இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரன் வாங்கிவிட்டான் என்பதற்காக வாங்கினார்கள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முகிற கூட்டம். "டஸ்ட் அலர்ஜிங்க, டாக்டர் ஏசி போடச் சொன்னாரு" என்று கடைக்குள் நுழைவார்கள். ஜன்னலைச் சாத்தி ஏசி போடுங்கள், ஃபில்டரை விடாமல் கழுவுங்கள் என்று டாக்டர் முழுசாகத்தான் சொல்லியிருப்பார். இவர்கள் முதல் பாதியைக் கேட்டதுமே எழுந்து வந்திருப்பார்கள்.

வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. வெளியே நிற்கிற அவுட்டோர் யூனிட்தான் காற்றை உறிஞ்சி ரூமுக்கு அனுப்புகிறது என்று என்னிடமே விளக்கம் சொன்ன பட்டதாரிகள் உண்டு. ரூமில் இருக்கிற அதே காற்று, இன்டோர் யூனிட்டின் தலைப்பக்கம் உள்ளே போய், ஃபில்டரையும் காயில் என்கிற குளிர்ந்த குழாய்ச் சுருளையும் தாண்டி, அடிப்பக்கம் வெளியே வருகிறது. கதவைச் சாத்தி வைப்பதால் ரோட்டுத் தூசி வெளியே நிற்கும். ஈரம் குறைவதால் சுவரில் பூஞ்சையும் மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் அதிகம் பெருகாது. ஃபில்டர் ஓரளவு தூசியைப் பிடிக்கும். அந்த மெசின் செய்கிற உபகாரம் அவ்வளவுதான். பிடித்து வைத்த தூசியைக் கழுவாவிட்டால், அது ஈரத்தோடு சேர்ந்து உள்ளே சுற்றுகிற புளோயரில் கருப்பாகப் படியும். அப்புறம் சுவிட்சைப் போடும்போதெல்லாம் உங்கள் மூஞ்சியிலேயே வந்து விழும்.

ஃபில்டர் என்பது இரண்டு பிளாஸ்டிக் வலை. மூடியைத் தூக்கி, உருவி, குழாயில் காட்டி, நிழலில் காயவைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், நானும் வேண்டாம். இருந்தாலும் செய்ய மாட்டார்கள். பென்ஷன் வாங்குகிற ஒரு பெரிய அதிகாரி வீட்டில் ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, ஸ்டெபிலைசருக்குப் பூப்போட்ட துணி உறை. "ஃபில்டர எப்ப சார் கழுவுனீங்க?" என்று கேட்டேன். "அப்படி வேற ஒண்ணு இருக்கா?" என்றார். நான் மூடியைத் திறந்ததும் தும்ம ஆரம்பித்தவர், நான் காபி குடித்து முடிக்கிற வரை நிறுத்தவில்லை.

எரியோட்டில் இன்னொரு புண்ணியவான். அவர் அதிபுத்திசாலி. "வலையில ஓட்ட பெருசா இருக்குல்ல, தூசி தப்பிச்சிரும்ல" என்று பழைய வேட்டியைக் கிழித்து நான்காக மடித்து ஃபில்டர் மேல் வைத்துத் தைத்திருந்தார். காற்றுப் போக வழியில்லாமல் காயில் முழுக்க ஐஸ் கட்டிவிட்டது. கரண்டு போனதும் ஐஸ் உருகி, மத்தியானம் கீழே படுத்திருந்தவர் நெஞ்சில் கொட்டியது. எழுந்து உட்கார்ந்து கம்பெனியைத் திட்டினார். வேட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்படி ஊர்பூராவும் சிரித்துக்கொண்டு திரிந்தேன். இந்த ஊரிலேயே விவரமுள்ள ஆள் நான் ஒருவன்தான் என்கிற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பில் மண் விழுந்தது சாணார்பட்டி ரோட்டில் இருக்கிற ஒரு வீட்டில்.

3. பூக்கடை வீட்டு மருமகள்

அந்த வீட்டுக்காரர் பெயர் பாக்கியத்தம்மாள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். புருஷன் இறந்த பிறகு தனியாளாகக் கடையை நடத்தி, மகன் கார்த்தியை வளர்த்தவர். குரல் எடுத்தால் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும். கார்த்திக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாதம். மருமகள் தேன்மொழி சேவுகம்பட்டிக்காரப் பெண். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. அவள் அப்பா கத்தரிக்காய் பயிரிடுகிற சம்சாரி. மகள் நன்றாக மூச்சு விடட்டும் என்று அவர்தான் அந்த ஏசியை வாங்கி அனுப்பியிருந்தார்.

நான் மாட்டிக்கொண்டிருக்கும்போது பாக்கியத்தம்மாள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, மருமகள் காதில் விழும்படியே என்னிடம் பேசினார்.

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இப்படி இழுத்ததில்லப்பா. கூடத்துல ஒரு கூடைப் பூவ எறக்கிவச்சா இவளுக்கு இருமலு. பூ யாவாரம் பண்ற வீட்டுக்கு வந்துட்டு பூ ஆகாதுன்னா என்ன அர்த்தம்? சரி, அவங்கப்பா ஏசி வாங்கிக் குடுத்திருக்காரு. போட்டுப் பாப்போம். இதுக்கும் அடங்கலைன்னா அவரே கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்துக்கிறட்டும்."

இதில் கடைசி வார்த்தை சும்மா சொன்னது இல்லை என்பது அந்த அம்மா முகத்திலேயே தெரிந்தது. தேன்மொழி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கார்த்தி செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பேசினால் அவனுக்குச் செவிடு, பெண்டாட்டி பேசினால் ஊமை.

மெசினை ஓடவிட்டதும் தேங்காய் உடைத்தார்கள். இன்டோர் யூனிட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அதுவரைக்கும் பரவாயில்லை. அப்புறம் பாக்கியத்தம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு முழம் மல்லிகைச் சரத்தை யூனிட்டின் தலையில், காற்று உள்ளே போகிற கம்பி மேலேயே நீளமாகச் சாத்தினார்.

"அம்மா, பூவ அங்க வைக்காதீங்க. காத்து உள்ள போற வழி அது. காஞ்சு உதுந்தா உள்ள போயிரும்."

"சாமிக்கு வச்ச பூவ எடுக்கச் சொல்ற வாயப் பாரு. எங்க கடையில தராசுக்கே தெனம் பூ வச்சுத்தான் ஏவாரம் ஆரம்பிக்கிறது. இது இம்புட்டுப் பெரிய மெசினு, வைக்காம இருக்க முடியுமா?"

எனக்கு என்ன வந்தது என்று கிளம்பிவிட்டேன். ஃபில்டர் கழுவுவது எப்படி என்று கார்த்திக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டத்தில் ஒரு சிக்ஸர் போய்க்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் டப்பாவை எடுத்து, வழக்கம்போல நாலு தடவை அடித்தேன். தேன்மொழி அப்போது சமையற்கட்டில் இருந்தாள்.

4. கருப்புத் தண்ணீர்

மூன்று மாதம் கழித்து தேன்மொழியே போன் செய்தாள்.

"அண்ணே, ஏசி போட்ட செத்த நேரத்துல எனக்கு இழுக்க ஆரம்பிச்சிருது. ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்து உக்காந்தா கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. இதச் சொன்னா நடிப்புங்கிறாங்க. அத்த எங்கப்பாவ வரச் சொல்லிருக்காங்க. நீங்க ஒருவாட்டி வந்து பாருங்கண்ணே."

போனேன். கதவைத் திறந்ததுமே சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. "வெளிய போட்டா பொகை காத்துல போயிருது. ஏசி ரூம்ல போட்டா அப்படியே நிக்கும்ல" என்றார் பாக்கியத்தம்மாள். வெள்ளிக்கிழமைதோறும் இதே வழக்கமாம். கல்யாணச் சீர்வரிசையில் வந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டிலிலேயே போட்டுக் கம்பால் அடித்துத் தூசி தட்டுவதும் இதே ரூமில், கதவைச் சாத்திக்கொண்டுதான். கூடத்தில் தட்டினால் வீடெல்லாம் தூசியாகிவிடுமாம். ரூமில் ஒரு மனுஷி மூச்சு விடுகிறாளே என்கிற கணக்கு யாருக்கும் இல்லை.

கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. தேன்மொழி அதிலிருந்து கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருந்தாள். இழுத்த நாள்களின் தாளில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் நேரம், என்ன நடந்தது என்று இரண்டு வார்த்தை. சாம்பிராணி. மெத்தை. ஏசி போட்டதும். ஏசி போட்டதும். ஏசி போட்டதும். அந்த வீட்டில் ஏசியைப் புரிந்துகொள்ள முயற்சி செய்த ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் நடிக்கிறாள் என்றார்கள்.

யூனிட்டின் தலையில் அன்றைய பூ மணத்தது. அதன் அடியில் மூன்று மாதத்துப் பூ மக்கிக் கிடந்தது. கதவு, ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். ஃபில்டரில் வலையே தெரியவில்லை. காம்பும் இதழும் பொடியாகி, சாம்பிராணிப் பிசுக்கில் ஒட்டி, ஒரு கம்பளித்துண்டு அளவுக்குத் தடித்திருந்தது. தண்ணீர் வெளியே போகிற டிரெயின் பைப்பைப் பூ நார் அடைத்து, டிரேயில் தண்ணீர் தேங்கி அழுகியிருந்தது. புளோயரைக் கையால் திருப்பினால் விரலில் கருப்புப் பூஞ்சை.

எனக்கு ஒரே குஷி. இப்படிப்பட்ட தருணத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். தண்ணீர் சிந்தாமல் யூனிட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, ஜெட் பம்பைப் போட்டு, பீய்ச்சிக் கழுவினேன். வாளி நிறையக் கருப்புத் தண்ணீர் வந்தது. வாளியைத் தூக்கிக் கொண்டுபோய் நடுக்கூடத்தில், பாக்கியத்தம்மாள் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பாத்துக்கங்கம்மா. இதத்தான் உங்க மருமக மூணு மாசமா மூச்சுல இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நடிப்பாம்ல நடிப்பு! நடிச்சது யாரு, மெசினா?"

கார்த்தி முதல்முறையாகச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி வாளியைப் பார்த்தான். தேன்மொழி கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இனிமே இந்த மெசின்ல ஒரு பொட்டுத் தூசி கெடையாது. இதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

சொல்லிவிட்டு மெசினைப் போட்டேன். பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். விசேஷமான வேலை இல்லையா? நாலு தடவை அடிக்கிறவன் அன்று பத்து தடவை அடித்தேன். ஜன்னலைச் சாத்தி, "உள்ள போய் உக்காரும்மா, சொகமா மூச்சு விடு" என்று தேன்மொழியை ரூமுக்குள் அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போய்க் கை கழுவிச் சாப்பிட உட்காரவில்லை, போன் வந்துவிட்டது. பாக்கியத்தம்மாள்தான்.

"என்னப்பா பெரிய மெக்கானிக்கு! அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டுப் போனியே. நீ போன கையோட இவளுக்கு இழுத்து, ஒதடு நீலமாயி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கோம். மூக்குல மாஸ்க்க மாட்டி மருந்துப் பொகை வச்சிருக்காங்க. மெசினு சுத்தம், நான் பொறுப்புன்னு சொன்னியே, இப்பச் சொல்லு. கொற மெசின்லயா, இவ ஒடம்புலயா?"

சோறு தட்டில் அப்படியே இருந்தது.

5. காலண்டர் தாள்

மறுநாள் காலையில் போனபோது தேன்மொழியின் அப்பா வந்திருந்தார். கூடத்தில் ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. தேன்மொழி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

பாக்கியத்தம்மாள் என்னைப் பார்த்ததும் சம்பந்தியிடம் திரும்பினார். "இந்தா, மெக்கானிக்கே வந்துட்டாரு. நேத்து அவர் வாயாலயே சொன்னாரு சம்பந்தி, இனி மெசின்ல ஒரு பொட்டுத் தூசி இல்லைன்னு. தூசி இல்லாத காத்துலயே இம்புட்டு இழுத்திருக்கு. அப்ப இது ஏசிக்கு அடங்குற சீக்கு இல்ல. நான் ஒண்ணும் வெரட்டல. அங்க வச்சு நல்லாக்கி, நல்லானதும் கூட்டிட்டு வாங்க."

நல்லானதும் என்றால் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்காக நான் பேசிய வீராப்பையே அந்த அம்மா எடுத்து அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

தேன்மொழி மெதுவாக எழுந்து வந்தாள். கையில் நேற்றைய காலண்டர் தாள்.

"அண்ணே, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நேத்து நீங்க மூடியக் கழட்டுனதுல இருந்து நான் கதவுகிட்டத்தான் நின்னேன். பூஞ்சையெல்லாம் கிளம்புச்சு, தும்மல் வந்துச்சு, ஆனா இழுக்கல. கழுவி முடிச்சு மெசினப் போட்டீங்க, அப்பவும் இழுக்கல. கடைசியா ஒரு டப்பா அடிச்சீங்கள்ல? அதுக்கப்புறம்தான் நெஞ்சு அடைச்சுச்சு. அது என்னண்ணே?"

"அது சும்மா வாசத்துக்கும்மா" என்றேன்.

"வாசம்னா எதுல இருந்து வருது?"

"மல்லிகப்பூ வாசம்."

"பூவா போட்டிருக்காங்க டப்பாவுக்குள்ள?"

எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக அடிக்கிறேன், எதிலிருந்து வருகிறது என்று தெரியாது. ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்ட பென்ஷன்காரர் நினைவுக்கு வந்தார். பையைத் திறந்து டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பின்பக்கம் கடுகு சைஸில் இங்கிலீஷ் எழுத்து. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள்.

"நல்ல காத்தோட்டம் உள்ள எடத்துல மட்டும் அடிக்கணும். மூச்சுல இழுக்கக் கூடாது. மூச்சுத் தொந்தரவு இருக்கிறவங்க கிட்டத்துல அடிக்கக் கூடாது."

கதவைச் சாத்தி, காற்றோட்டம் இல்லாத ரூமில், மூச்சுத் தொந்தரவு உள்ள பெண்ணை உள்ளே அனுப்பி, சுகமாக மூச்சு விடு என்று சொல்லிவிட்டுப் போனவன் நான். எரியோட்டுக்காரர் வேட்டியை வைத்துத் தைத்ததில் அவர் நெஞ்சுதான் நனைந்தது. நான் அடித்ததில் ஒரு உசிர் போகப் பார்த்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். கூனிக் குறுகிப் போனேன்.

அப்போதும் தப்பிக்க வழி இருந்தது. ஒரு டப்பாவால் இம்புட்டு ஆகுமா என்று பாக்கியத்தம்மாள் பக்கம் சாய்ந்திருந்தால், என் பெயரும் கடையின் பெயரும் பிழைத்திருக்கும். பெண்ணும் பையைத் தூக்கிக்கொண்டு சேவுகம்பட்டிக்குப் போயிருப்பாள். சம்சாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"நேத்து இழுத்ததுக்குக் காரணம் நான்தாம்மா" என்றேன் பாக்கியத்தம்மாளிடம். "மூணு மாசம் இழுத்ததுக்கு நீங்க வச்ச பூவும் போட்ட பொகையும் காரணம். ரெண்டுலயும் இந்தப் புள்ள மேல கொற இல்ல. சுத்தம் பண்ணுன மெசின்ல நானே வெசத்த அடிச்சுட்டுப் போயிருக்கேன்."

"நீயும் அவளும் சேந்துக்கிட்டுப் பேசுறீங்களா?" என்றார் அந்த அம்மா.

நான் பதில் சொல்வதற்குள் தேன்மொழி பேசினாள். சத்தம் போடவில்லை. மூச்சு வாங்கியதால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அத்த, நான் சொல்றத நம்ப வேணாம். அவர் சொல்றதையும் நம்ப வேணாம். ஒரு மாசம் பாப்போம். டாக்டர் குடுத்த மருந்த நான் எடுத்துக்கிறேன். ஏசி மேல பூ வேணாம், ரூமுக்குள்ள பொகை வேணாம், மெத்தைய மாடியில வெயில்ல போட்டுத் தட்டுவோம். இந்தக் காலண்டரு உங்க ரூம்ல தொங்கட்டும். தெனம் நீங்களே கிழிங்க. எனக்கு இழுத்தா நீங்களே கோடு போடுங்க. மாசம் முடிஞ்சு கோடு நெறைய இருந்துச்சுன்னா, இந்தப் பைய நானே தூக்கிட்டுப் போயிர்றேன்."

கார்த்தி செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தான். "ஃபில்டர நான் கழுவுறேம்மா" என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். பாக்கியத்தம்மாள் அவனை முறைத்தார், அப்புறம் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் ரூமுக்குப் போனார்.

அன்று நான் அந்த ரூமைத் திறந்துபோட்டு, ஃபேனை ஓடவிட்டு, மெசினை வெறும் தண்ணீரில் திரும்ப இரண்டு முறை கழுவினேன். டப்பாவைத் தேன்மொழியிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. சம்சாரி வெறுங்கையோடு பஸ் ஏறினார். துணிப்பை கூடத்து மூலையில் கட்டியபடியே இருந்தது.

6. ஒரு வாசமும் வரல

அந்த ஒரு மாதமும் எனக்கு வேலை ஓடவில்லை. வழியில் போகும்போதெல்லாம் அந்த வீட்டை எட்டிப் பார்ப்பேன், உள்ளே போகத் தைரியம் வராது. மாடியில் மெத்தை காய்வது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்த்தி வாசல் குழாயடியில் உட்கார்ந்து ஃபில்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தான், யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மாதம் முடிந்து நாலு நாள் ஆனபிறகு பாக்கியத்தம்மாள் போன் செய்தார். தப்பு என் மேல்தான் என்று சொல்கிற பழக்கம் அந்த அம்மாவிடம் கிடையாது. அவர் பேசியது இதுதான்.

"ஏப்பா, கோடு ரெண்டுதான் விழுந்திருக்கு. ஒண்ணு, பக்கத்து வீட்ல சுவத்தச் சொரண்டி வெள்ளையடிச்ச அன்னிக்கு. இன்னொண்ணு நான் மறதியா பொகைச் சட்டியத் தூக்கிட்டு உள்ள போயிட்டேன். எனக்கும் காலையில எந்திரிச்சா தும்மலா வருது. கடைப் பூத்தூளா என்னமோ. என் ரூம்லயும் ஒரு ஏசி மாட்டணும். எப்ப வார?"

மறுநாளே போனேன். கூடத்து மூலையில் துணிப்பை இல்லை. அந்த ரூம் யூனிட்டின் தலையில் பூவும் இல்லை. பூச்சரம் கீழே சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. சாமிக்கும் குறை வைக்காமல் மருமகள் ஏற்பாடு செய்திருக்கிறாள். அவளிடம் அந்தக் கிளிப்பும் தாள்களும் இன்னும் இருந்தன. பக்கத்தில் இன்ஹேலரும் இருந்தது. ஏசி போட்டுவிட்டால் மருந்து வேண்டாம் என்று நினைக்கிற மூடக்கூட்டத்தில் அவள் இல்லை.

பாக்கியத்தம்மாள் ரூமில் மாட்டி முடித்து, மெசினை ஓடவிட்டேன். கை பழக்கத்தில் பைக்குள் போனது. டப்பா இருந்த இடத்தில் துடைக்கிற துணிதான் இருந்தது. அந்த அம்மா யூனிட்டுக்குக் கீழே வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை மூச்சை இழுத்தார். முகம் சுருங்கியது.

"என்னப்பா, ஒரு வாசமும் வரலையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கமிருந்து தேன்மொழி சொன்னாள்.

"வரக்கூடாது அத்த. அதுக்குத்தான் அண்ணன் இம்புட்டு நேரம் வேலை பாத்தாரு."

இப்போது நான் ஏணி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன். வாசம் வரவில்லை, சர்வீஸ் சரியில்லை என்று வாரத்துக்கு ஒருவராவது கடைக்குப் போன் போடுகிறார்கள். வாசம் வேண்டும் என்றால் பூ மார்க்கெட்டுக்குப் போங்கள் என்று சொல்கிறேன். முதலாளி மகனுக்கு இதில் வருத்தம் உண்டு. இருக்கட்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் பையில் அந்த டப்பா இருந்தால் எறிந்துவிடுங்கள். எறிவதற்கு முன்னால் பின்பக்கம் எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள். எனக்கு அதைப் படித்துக் காட்ட, உதடு நீலமாகி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஒரு பெண் வேண்டியிருந்தது.